கழன்ற அட்டைகளும் ஒன்பது பெட்டிகளும்: ஒரு பள்ளி நூலகத்தின் பழுதுநீக்கப் பதிவு

வேலூரில் உள்ள ஒரு பன்னாட்டுத் தொடக்கப் பள்ளியின் நூலகத்தைக் கவனித்துக்கொள்வது என் பணி. இந்த ஆண்டின் புத்தக வாரம் முடிந்து, வகுப்புகளுக்குச் சென்ற படப்புத்தகங்கள் எல்லாம் திரும்பி வந்தபோது, அட்டை கழன்றவை என்று தனியே எடுத்துவைக்க நேர்ந்தவை ஒரு சிறிய கூடைக்குள் அடங்கிவிட்டன. சென்ற ஆண்டு இதே வாரத்திற்குப் பின் அவை ஒரு வாசிப்பு மேசையை முழுதாக மூடியிருந்தன. இடைப்பட்ட காலத்தில் இங்கே நடந்த வேலைகள் இரண்டு: ஒன்று பசையும் ஊசியும் துணியும் கொண்டு செய்தது, மற்றொன்று பிளைவுட் பலகையை அறுத்துச் செய்தது. முதலாவதே போதும் என்ற கணக்கில்தான் தொடங்கினோம். ஒட்டி அனுப்பிய புத்தகங்கள் அதே இடத்தில் மீண்டும் விட்டுப்போய் வந்து சேர்ந்த பிறகே இரண்டாவது வேலை தேவைப்பட்டது. எனவே இரண்டையும் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மழலையர் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் வாரம் ஒரு முறை 40 நிமிடம் நூலகத்திற்கு வருகிறார்கள். கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களின் பிள்ளைகள், காட்பாடிப் பக்கம் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவர்களின் பிள்ளைகள், இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் தொழிலை ஒட்டி வெளிநாட்டிலிருந்து வந்து சில ஆண்டுகள் தங்கிச் செல்லும் குடும்பங்களின் பிள்ளைகள் எனப் பலரும் கலந்த கூட்டம் அது. ஆகவே புத்தகங்களும் இரு வகையாக உள்ளன. வெளிநாட்டில் அச்சான, கெட்டி அட்டை போட்ட, பெரும்பாலும் 32 பக்கங்கள் கொண்ட, வழவழப்பான பூச்சுத் தாளில் அமைந்த பெரிய படப்புத்தகங்கள் ஒரு வகை. நடுவில் இரண்டு ஊக்குகள் அடித்த, மெல்லிய அட்டை கொண்ட தமிழ், இந்திப் படப்புத்தகங்கள் மற்றொரு வகை. இரண்டும் பழுதாகும் விதம் வேறு. பழுது நீக்கும் விதமும் வேறு.

கெட்டி அட்டைப் புத்தகத்தில் முதலில் விட்டுப்போவது மூட்டு, அதாவது அட்டையும் முதுகும் சேரும் இடத்தில் வெளியே பள்ளமாகத் தெரியும் பகுதி. தாள்கற்றையின் முதுகில் ஒரு வலைத்துணி ஒட்டப்பட்டிருக்கும். அதன் இரு ஓரங்களும் முன் அட்டை, பின் அட்டை ஆகியவற்றின் உட்புறத்தில் ஒட்டப்பட்டு, அவற்றின் மேல் உட்தாள் எனப்படும் ஒரு வண்ணத்தாள் மூடியிருக்கும். தாள்கற்றையை அட்டையோடு பிடித்துவைத்திருப்பவை இந்தத் துணியும் தாளும் மட்டுமே. வெளியில் தெரியும் முதுகு தாள்கற்றையோடு ஒட்டப்படாமல் விலகியே நிற்கும். அட்டையைத் திறந்தவுடன் உட்தாள் மடிப்பில் ஒரு கோடு வெடித்திருந்தால், அதற்குள்ளே துணியும் பசையும் பிரியத் தொடங்கிவிட்டன என்று பொருள்.

முதல் கட்டம், முன்பு ஒட்டப்பட்ட டேப்புகளை அகற்றுவது. பல ஆண்டுகளாகக் கிழிந்த இடத்தில் எல்லாம் ஒளிபுகும் டேப் ஒட்டுவதே இங்கே வழக்கமாக இருந்திருக்கிறது. வேலூர் வெயிலில் அந்தப் பசை இளகி ஓரம் வழியே கசிந்து, அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்கிறது. பின்னர் மஞ்சளாகிக் காய்ந்து, படலம் மட்டும் உரிந்து விழுகிறது. வீட்டிலிருந்து கொண்டுவந்த ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் மெல்லிய கத்தியால் ஓரத்திலிருந்து சாய்வாக உயர்த்தினால், பூச்சுத் தாளில் ஒட்டிய டேப் சுத்தமாக வந்துவிடுகிறது. பூச்சு இல்லாத தாளில் அப்படி வராது. மேல்தோலையும் மையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு வரும். அத்தகைய இடங்களில் கையை நிறுத்திவிட்டு, டேப்பை அப்படியே விட்டுவைப்பதே நல்லது.

அடுத்தது பசை. லாங் பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில் கணக்குப் பேரேடுகளும் பள்ளிப் பதிவேடுகளும் கட்டித் தரும் முதியவர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, அதில் மயில்துத்தம் என்னும் நச்சு உப்பைக் கலப்பதே அவருடைய முறை.

“துத்தம் போட்டா பூச்சி கிட்டக்கவே வராதும்மா” என்றார்.

“சின்னப் பிள்ளைங்க புத்தகம் ஐயா, வாயில வைப்பாங்களே” என்றேன்.

“அப்ப துத்தம் வேணாம். அன்னன்னைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சிக்குங்க, ராத்திரிக்கு வைக்காதீங்க” என்று சொல்லி, தாம் பயன்படுத்தும் மூங்கில் பத்தை ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பினார்.

அந்த மூங்கில் பத்தை இன்றும் என் மேசையில் உள்ள கருவிகளில் முதன்மையானது. ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம், ஒரு முனை மழுங்கிய கத்தி போல இழைக்கப்பட்டது. மடிப்பை அழுத்தவும், பள்ளத்தைத் தேய்த்துப் பதிக்கவும், பசை தடவிய துணியை நீவிவிடவும் அது ஒன்றே போதும்.

மைதாப் பசையின் அளவு எனக்கு 1 பங்கு மாவுக்கு 5 பங்கு தண்ணீர். சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் வெண்மை மாறிக் கண்ணாடித் தன்மை வரும். இறக்கி ஆறவைத்து மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். கோடையில் அது மறுநாளே புளித்துவிடுகிறது. இதன் பெரிய நன்மை, தவறாக ஒட்டினால் ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம் என்பது. குறை, மாவுச்சத்து இராமபாணப் பூச்சிக்கு உணவு என்பதும், பசையில் உள்ள தண்ணீர் அட்டையை வளைத்துவிடும் என்பதும். ஆகவே பூச்சில்லாத தாளில் ஏற்பட்ட கிழிசல்களுக்கு மட்டும் இதைக் கொண்டு, சதுர மீட்டருக்கு 12 கிராம் எடையுள்ள ஜப்பானியக் கைத்தாளைக் கிழிசல் மேல் ஒட்டுகிறேன். அந்தத் தாளைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது; தண்ணீர்க் கோடு போட்டுக் கையால் பிய்த்தால் ஓரத்தில் இழைகள் நீட்டிக்கொண்டு நிற்கும், அவைதான் கிழிசலின் இருபுறமும் பிடித்துக்கொள்கின்றன.

மூட்டுக்கு முதலில் பயன்படுத்தியது தச்சு வேலைக்கான வெள்ளைப் பசை. எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. மரத்தில் மரத்தைப் பிடிக்க வேண்டிய பசை இறுகிக் காய்வதுதான் முறை. ஆனால் ஒரு படப்புத்தகத்தின் மூட்டு ஒரே வகுப்பு நேரத்தில் பலமுறை மடங்கி விரிகிறது. பசை மடங்காததால், அது முடியும் கோட்டிலேயே உட்தாள் புதிதாக வெடித்தது. பழைய வெடிப்பை விடப் புதிய வெடிப்பைச் சரிசெய்வது கடினமாக இருந்தது. பிறகு புத்தகக் கட்டுக்கென்றே விற்கும், அமிலத்தன்மை இல்லாத, காய்ந்த பின்னும் வளையக்கூடிய பி.வி.ஏ. பசையை 500 மி.லி. ₹650 கொடுத்து வரவழைத்தோம். இது காய்ந்தால் பிரிக்க முடியாது என்பதால் இதைப் பக்கங்களின் மேல் பயன்படுத்துவதில்லை, மூட்டுக்கு மட்டுமே.

மூட்டு தளர்ந்திருக்கிறதே தவிர உட்தாள் கிழியவில்லை என்றால் வேலை எளிது. 3 மி.மீ. பருமனுள்ள எஃகுப் பின்னல் ஊசியைப் பசையில் தோய்த்து, மிகுதியைக் கிண்ணத்தின் விளிம்பில் வழித்துவிட்டு, புத்தகத்தை நிமிர்த்தி நிறுத்தி, முதுகுக்கும் தாள்கற்றைக்கும் நடுவே தெரியும் இடைவெளி வழியாக மூட்டின் ஓரமாகவே ஊசியைச் செலுத்திச் சுழற்ற வேண்டும். மேலிருந்து பாதி நீளம், பிறகு புத்தகத்தைத் தலைகீழாக்கிக் கீழிருந்து மீதி. முதுகின் நடுப்பகுதியில் பசை படக் கூடாது. பட்டால் முதுகு தாள்கற்றையோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போதெல்லாம் உடன் வளைந்து, நடுவில் மடிப்பு விழுந்துவிடும். பின்னர் அட்டையை மூடி, பள்ளத்தை மூங்கில் பத்தையால் அழுத்தித் தேய்த்து, கசிந்த பசை ஒட்டாதிருக்க அட்டைக்கும் முதல் பக்கத்திற்கும் நடுவே ஒரு பட்டர் பேப்பரை நுழைத்து, இருபுறப் பள்ளங்களிலும் பசை படாத பின்னல் ஊசி ஒவ்வொன்றை வைத்து, மேலே பலகையிட்டு, துணி சுற்றிய இரண்டு செங்கற்களை ஏற்ற வேண்டும். ஒரு செங்கல் ஏறக்குறைய 3 கிலோ இருக்கும். கோடையில் 12 மணி நேரம் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு முழு நாள் வைத்தாலும் மூட்டு குளிர்ந்தே இருக்கிறது. அப்போது பட்டர் பேப்பரை ஒருமுறை மாற்றி இன்னொரு இரவு வைக்கிறேன்.

உட்தாளே கிழிந்திருந்தால் 3 செ.மீ. அகலத்தில் காலிகோ துணிப் பட்டை ஒன்றை மடிப்பின் மேல் ஒட்டுகிறோம். முதலில் துணிக்குப் பதிலாகக் கெட்டித் தாளையே பட்டையாக வெட்டியபோது, காய்ந்ததும் அது அலை அலையாகச் சுருங்கியது. தாளுக்கு ஒரு போக்கு, அதாவது இழைகள் ஓடும் திசை, உண்டு. ஈரம் பட்டால் இழைகளுக்குக் குறுக்காகவே அது மிகுதியாக விரிகிறது. ஆகவே இழைகள் முதுகுக்கு இணையாக ஓடும்படி வெட்ட வேண்டும். சிறு சதுரம் ஒன்றை வெட்டி ஒருபுறம் நனைத்தால், அது குழலாகச் சுருளும். அந்தக் குழலின் நீளவாக்கே தாளின் போக்கு. தாள் வாங்கும்போதே பென்சிலால் ஓரத்தில் அம்புக்குறி போட்டுவைப்பதால் இப்போது தொல்லை இல்லை.

தமிழ்ப் படப்புத்தகங்களின் பழுது வேறு. அட்டையும் தாளும் நன்றாக இருக்க, ஊக்குகள் துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்றுவிடுகின்றன. ஊக்கின் முனைகளை உட்புறத்திலிருந்து கத்தி முனையால் நிமிர்த்தி, வெளியிலிருந்து நேராக இழுத்து எடுத்துவிட்டு, மடிப்பில் மூன்று துளைகளிட்டுத் தைக்கிறோம். நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே போய், மேல்துளை வழியாக உள்ளே வந்து, உட்புறமாகவே நீளமாகக் கீழ்த்துளைக்குச் சென்று வெளியேறி, மீண்டும் நடுத்துளை வழியாக உள்ளே வந்தால், இரு முனைகளும் உட்புறத்தில் அந்த நீளத் தையலின் இருபக்கமும் நிற்கும். அவற்றை அதன் மேல் முடிந்துவிடலாம். குத்தூசியும் மெழுகு பூசிய பருத்தி நூலும் ஆம்பூரில் செருப்புத் தைக்கும் பொருள்கள் விற்கும் கடையில் வாங்கியவை. அறாது என்று நம்பி நைலான் நூலில் தைத்த சில புத்தகங்களில், நூல் அறவில்லைதான். அது தாளை அறுத்துவிட்டது.

இந்தத் தையலில் என்னை விடத் தேர்ந்தவர் எங்கள் நூலக உதவியாளர் அக்கா. குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பத்தில் பிறந்தவர். அறுந்த இழையை விரல் நுனியில் முடிந்து பழகிய கை. நான் ஒரு புத்தகம் தைக்கும் நேரத்தில் அவர் மூன்றை முடித்துவைப்பார். நூலை அளவுக்கு மீறி இழுத்தால் மடிப்பு கிழியும் என்பதையும், மேல்நோக்கி இழுக்காமல் மடிப்பின் வாக்கில் இழுக்க வேண்டும் என்பதையும் எனக்குக் காட்டியவர் அவரே.

நடுவில் ஒரு மழை இரவில் ஜன்னலோரம் இருந்த சில புத்தகங்கள் நனைந்தன. பூச்சுத் தாள் நனைந்து அப்படியே காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு பிறகு எதற்கும் பிரியாது. ஈரம் காய்வதற்கு முன்பே ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே உறிஞ்சும் தாளை வைத்து மின்விசிறிக் காற்றில் நிறுத்த வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கவனிக்க ஆள் இல்லையென்றால், மீதியைப் பாலித்தீன் உறையில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுக்கலாம். பள்ளிச் சமையலறையின் உறைபெட்டி அன்று எங்களுக்கு உதவியது. காலையில் யாரும் பார்க்குமுன் காய்ந்துவிட்ட இரண்டு மட்டும் பலகைகளாகவே நின்றுவிட்டன.

இவ்வளவும் செய்த பின், சரியாக ஒட்டி அழுத்திக் கொடுத்த புத்தகங்களில் ஒரு பகுதி ஒரு பருவம்கூடத் தாங்காமல் திரும்பி வந்தது. பசையைக் குறை சொல்ல முடியவில்லை. ஒட்டிய இடம் பிடித்தபடி இருக்க, அதற்கு மேலே, முதுகின் தலைப்பகுதியில் புதிய கிழிசல் தோன்றியிருந்தது. திரும்பி வந்தவற்றை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்த அக்காதான் அதைக் கவனித்தார்: “மிஸ், எல்லாம் அந்த மேல் தட்டுப் புத்தகமாவே வருது, பாத்தீங்களா?”

அதன் பிறகு பழுது பார்ப்பதைச் சிறிது காலம் நிறுத்திவிட்டு, நூலக நேரத்தில் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுப் பிள்ளைகளின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மேல் தட்டு கண் மட்டத்திற்கு மேலே இருக்கிறது. புத்தகங்கள் முதுகு வெளியே தெரியும்படி நெருக்கமாக நிற்கின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைக்கு 1 செ.மீ. அகல முதுகில் உள்ள தலைப்பு எதையும் சொல்வதில்லை; படத்தைப் பார்த்தால்தான் அது தனக்கு வேண்டிய புத்தகமா என்று தெரியும். ஆகவே பிள்ளை முதுகின் மேல் விளிம்பில் ஒரு விரலை மாட்டி, தன் உடல் எடையையும் சேர்த்து இழுத்து, அட்டைப் படத்தைப் பார்த்து, வேண்டாமென்றால் இடைவெளியில் திணிக்கிறது, பின்பு அடுத்தது. ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதற்குள் பல புத்தகங்களின் தலைப்பகுதி இழுபட்டுவிடுகிறது. தட்டில் இடம் காலியானால் வேறொரு தொல்லை: உயரமான புத்தகங்கள் சாய்ந்து நிற்க, தாள்கற்றையின் எடை முழுவதும் மூட்டில் தொங்குகிறது. எந்தப் புத்தகமும் படிக்கப்படுவதால் உடையவில்லை. தேடப்படுவதாலும் சாய்ந்து நிற்பதாலும் உடைந்தன.

ஆகவே பெரிய படப்புத்தகங்களை முகம் தெரியும்படி வைக்கும் பெட்டிகள் செய்வது என்று முடிவாயிற்று. புத்தகங்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். பிள்ளை மேலிருந்து விரல்களால் புரட்டிக்கொண்டே போகும். முதுகைத் தொட வேண்டியதே இல்லை. பள்ளிக்கு மேசை நாற்காலி வேலை செய்யும் ஆசாரியிடம் படம் வரைந்து கொடுத்து ஒரு மாதிரிப் பெட்டி செய்யச் சொன்னேன். அந்த மாதிரி இரண்டு காரணங்களால் பயன்படவில்லை. நான் கொடுத்த முன்பலகையின் உயரம் 25 செ.மீ.; சிறிய புத்தகங்கள் அதற்குள் அப்படியே மறைந்துவிட்டன. அடிப்பலகை மட்டமாக இருந்ததால், பத்துப் புத்தகங்கள் வெளியே போனதும் மீதி முன்னும் பின்னுமாகச் சரிந்து, கெட்டி அட்டைகள்கூட வளையத் தொடங்கின. மாதிரியைத் திருப்பிப் பார்த்த ஆசாரி, “பின்பக்கம் தாழ்த்திக் கொடுங்க டீச்சர், எல்லாம் ஒரே பக்கமா சாயும்” என்றார். அந்த ஒரு மாற்றமே பெட்டியைப் பெட்டியாக்கியது.

இறுதி அளவுகள் இவை. உள் அகலம் 33 செ.மீ., முன்னிருந்து பின் வரை 40 செ.மீ., முன்பலகை 15 செ.மீ., பின்பலகை 25 செ.மீ. அடிப்பலகை முன்னைவிடப் பின்னால் 4 செ.மீ. தாழ்ந்திருக்கும். முன்பலகையின் மேல் விளிம்பு தரையிலிருந்து 55 செ.மீ.; ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நின்றபடி குனிந்து பார்க்க இந்த உயரம் சரியாக அமைந்தது. ஒரு புத்தகத்தின் கனம் ஏறக்குறைய 1 செ.மீ. என்று கொண்டு, பெட்டிக்கு 25 புத்தகங்களுக்கு மேல் வைப்பதில்லை; மீதி 15 செ.மீ. புரட்டுவதற்கான இடம். அதை நிரப்பிவிட்டால் பிள்ளைகள் மறுபடியும் பிடித்து இழுக்கத் தொடங்குவார்கள்.

12 மி.மீ. பிளைவுட்டில், 8 அடிக்கு 4 அடிப் பலகை ஒன்றுக்கு ஐந்து பெட்டி வீதம் இரண்டு பலகைகளில் ஒன்பது பெட்டிகள் செய்தோம். மிஞ்சிய துண்டுகள் நடுத்தடுப்புகளாயின. கால்களுக்குக் கழித்துப்போட்ட வகுப்பறை பெஞ்சுகளின் கட்டைகள் பயன்பட்டன. கரையானுக்கு அஞ்சிக் கால்களின் அடியில் ரப்பர் புஷ் மாட்டி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினோம். விளிம்புகளை 120 எண் உப்புத்தாளாலும் பிறகு 220 எண் தாளாலும் தேய்த்து, வார்னிஷ் அடித்து, நெடி போகும் வரை வராந்தாவில் வைத்திருந்தோம். பலகைக்கு ₹5,200, ஆசாரிக்கும் உடன் வந்தவருக்கும் கூலி ₹6,000, திருகாணி, உப்புத்தாள், வார்னிஷ் எல்லாம் சேர்ந்து ₹1,300, ஆக ₹12,500. பசை, கைத்தாள், காலிகோ, ஊசிகள் உள்ளிட்ட பழுதுநீக்கப் பொருள்களுக்கு முன்பே ஆன செலவு ₹2,800. எங்கள் கெட்டி அட்டைப் படப்புத்தகங்களின் விலை ₹400 முதல் ₹900 வரை உள்ளதால், இந்தக் கணக்கைப் பள்ளி அலுவலகம் அதிகம் கேள்வி கேட்கவில்லை.

பெட்டிக்குள் முதுகு தெரியாததால், முதுகில் ஒட்டியிருந்த எண் சீட்டுகள் பயனற்றுப் போயின. அட்டையின் இடது மேல் மூலையில் நிறச் சீட்டு ஒட்டி, பெட்டிக்கு ஒரு நிறம் என்று வைத்தோம். ஆசிரியர் பெயரின் வரிசையைப் பெட்டிக்குள் காப்பாற்ற முடியாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்தது. நிறம் சரியாக இருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். எந்தப் பெட்டியில் எவை என்பதை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே முடிவு செய்தார்கள். விலங்குகள், வண்டிகள், சிரிப்பு, பயம், தாத்தா பாட்டி என்று அவர்கள் பிரித்த பிரிவுகள் எந்த நூலக வகைப்பாட்டுக்கும் அடங்காதவை. ஆனால் தேடி வரும் சிறுவன் கேட்பதும் அந்தச் சொற்களில்தான்.

இதற்கிடையில் வேறொரு யோசனை மேலிருந்து வந்தது: பழுது நீக்கிய புத்தகங்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்து, ஆசிரியர் முன்னிலையில் மட்டும் கொடுக்கலாம் என்பது. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை நடத்திய எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக அறிவியல் விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அதை ஒரு தாளில் எழுதி, இந்த யோசனையைப் பற்றிப் பேசிய கூட்டத்திற்கு எடுத்துச் சென்றேன். விதியை விட, பெட்டிகள் வருவதற்கு முன்னும் வந்த பின்னும் கழன்ற அட்டைகளின் எண்ணிக்கையே அங்கே வென்றது என்பதையும் சொல்ல வேண்டும்.

ரங்கநாதனின் பிறந்தநாளாகக் கொள்ளப்படும் ஆகஸ்ட் 12 இந்தியாவில் நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பழுது மேசையைத் திறந்துவிட்டோம். அக்கா துளையிட்டுக் கொடுக்க, பிள்ளைகள் பழுப்புத் தாள் அட்டையிட்டு மூன்று துளைத் தையலில் ஆளுக்கொரு குறிப்பேடு தைத்துக்கொண்டு போனார்கள். ஊசியை நேரே குத்தாமல் துளை வழியாக விடச் சொல்வதே பெரிய வேலையாக இருந்தது. அதன் பிறகு அந்த வகுப்பிலிருந்து வரும் கிழிந்த புத்தகங்களில் டேப் ஒட்டியிருப்பது அருகிவிட்டது. கிழிந்த துண்டை உள்ளே மடித்துவைத்து, மேலே ஒரு சீட்டில் பக்க எண்ணை எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தத் துண்டு கிடைப்பது எனக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்துகிறது.

புத்தக வாரத்தில்தான் பெட்டிகளுக்கு உண்மையான சுமை வந்தது. கதைமாந்தர் வேடமிட்டு வரும் நாளில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேடத்துக்குரிய புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானம் சுற்றி வந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மழலையருக்குப் படித்துக்காட்டினார்கள், ஒரே புத்தகத்தை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு. பின்னல் ஊசியால் ஒட்டிய மூட்டுகள் அதைத் தாங்கின. கூடைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை இன்னும் பழைய அலமாரியிலேயே நிற்கும் நடுத்தர அளவுப் புத்தகங்கள். பெட்டியில் இருந்து வந்தவற்றில் மூட்டு விட்டவை மிகக் குறைவு. மூலை நசுங்கியவையே மிகுதி.

மறுபடி செய்வதாக இருந்தால் சிலவற்றை மாற்றுவேன். நடுத்தடுப்புக்கு 12 மி.மீ. தேவையில்லை, 6 மி.மீ. போதும். ஒன்பது பெட்டிகளில் இரண்டை மழலையருக்கென்று 40 செ.மீ. உயரத்தில் செய்திருக்க வேண்டும்; இப்போது அவர்கள் நுனிக்காலில் நின்று பின்வரிசையை எட்டுகிறார்கள். கால்களுக்குப் பூட்டுள்ள சக்கரம் பொருத்தியிருந்தால் கதை நேரத்தில் நகர்த்துவது எளிதாக இருந்திருக்கும். அப்போது விலைக்கு அஞ்சி விட்டுவிட்டேன். திறந்தால் படம் எழுந்து நிற்கும் புத்தகங்களையும் மடிப்புகளை இழுத்தால் அசையும் புத்தகங்களையும் பெட்டியில் வைக்கக் கூடாது. பின்னால் நிற்கும் புத்தகத்தின் மூலை அவற்றின் மடிப்புக்குள் நுழைந்து கிழிக்கிறது. அவை மேசை மேல் படுத்த நிலையில் இருக்கின்றன.

நசுங்கிய மூலைகளுக்குக் காரணம் புத்தகம் திருப்பிக் கொடுக்கும் பெட்டி. வாய்க்கும் தரைக்கும் நடுவே 70 செ.மீ. ஆழம், காலையில் முதலில் போடப்படும் புத்தகம் அவ்வளவு உயரத்திலிருந்து வெறும் பலகையில் மூலை குத்த விழுகிறது. இப்போதைக்கு அடியில் 10 செ.மீ. பழைய மெத்தைப் பஞ்சைத் துணியில் தைத்துப் போட்டிருக்கிறோம். ஆசாரியிடம் அடிப்பலகையை நான்கு சுருள்வில்களின் மேல் நிறுத்தி, எடை ஏற ஏறத் தாழும்படி செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறேன். நிறைந்த பெட்டியின் எடையைத் தராசில் போட்டுச் சொல்லச் சொன்னார். 25 புத்தகங்களுக்கு 11 கிலோ காட்டியது. அதற்கேற்ற வில்லைக் காட்பாடியில் பழைய இரும்புக் கடைகளில் தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.